தாம்பரம் மாடியில உருளைக்கிழங்கு விளையுமா? முடிவு பண்றது ராத்திரி சூடுதான்!

ஒரு பெயின்ட் வாளி, நாலு உருளைக்கிழங்கு. மூணு மாசம் கழிச்சு வாளியைக் கவிழ்த்தா கிழங்கு கொட்டுது... இந்த ரீல்ஸை நீங்களும் பார்த்திருப்பீங்க. அதை நம்பி தாம்பரத்துலயோ குரோம்பேட்டையிலயோ பிப்ரவரி கடைசியில நட்டா, இலை தழைக்கும். ஆனா அடியில கோலிக்குண்டு சைஸ்ல ரெண்டு கிழங்கு கிடைச்சாலே பெருசு. தப்பு உங்க கைராசியில இல்லை, காலண்டர்ல இருக்கு.

ராத்திரியில என்ன நடக்குது?

உருளைக்கிழங்கு வேர் கிடையாது. மண்ணுக்குள்ள ஓடுற தண்டோட நுனி பருத்துதான் கிழங்காகுது. பகல்ல இலை தயாரிக்கிற மாவுச்சத்து, ராத்திரி குளிர்ச்சியா இருந்தாதான் கீழே போய்ச் சேரும். சூடா இருந்தா, அந்தச் சத்தைச் செடியே சுவாசிச்சுச் செலவழிச்சுடும். மிச்சம் இலைக்குப் போயிடும். 15 முதல் 20 டிகிரி வரை இருக்கிற இரவுகள்தான் இதுக்குத் தோது. 2,200 மீட்டர் உயரத்துல இருக்கிற ஊட்டிக்கு ராத்திரி குளிர்ச்சி சாதாரணம். நம்ம பக்கம் ஜனவரி மாசத்துலயே ராத்திரி சராசரி சுமார் 21 டிகிரி. அதாவது, நாம விளிம்புல நிக்கிறோம்.

எப்போ நடணும்?

நவம்பர் கடைசியில நட்டு, பிப்ரவரி இறுதிக்குள்ள எடுத்துடணும். நமக்கு இருக்கிறது இந்த ஒரே வாய்ப்புதான். சிக்கல் என்னன்னா, அதே நேரத்துல வடகிழக்குப் பருவமழை. 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த முடிச்சூர்க்காரங்களுக்கு இதைச் சொல்லணுமா என்ன! தண்ணி தேங்கினா விதைக் கிழங்கு அழுகிடும். வாளியில வளர்க்கிறதோட லாபமே இதுதான்: அடியில ஆறேழு ஓட்டை போடுங்க, செங்கல் மேல வைங்க, அடைமழைன்னா சன்ஷேடுக்குக் கீழே நகர்த்திடுங்க.

எப்படி நடணும்?

* 20 லிட்டர் வாளி அல்லது க்ரோ பேக்கில் ரெண்டு துண்டு போதும்.
* செம்மண், கோகோபீட், மண்புழு உரம் மூணும் சம அளவு.
* கடைக் கிழங்கு சிலது முளைக்காம இருக்க மருந்து அடிச்சதா இருக்கும். அதனால முளை விட்டதை மட்டும் எடுங்க. துண்டுக்கு ரெண்டு கண்ணாவது இருக்கணும். வெட்டின பக்கத்துல சாம்பல் தடவி, ரெண்டு நாள் நிழல்ல காயவிடுங்க.
* வாளியில பாதிக்கும் குறைவா மண் போட்டு நடுங்க. செடி ஒரு சாண் வளர்ந்ததும் மண் அணைங்க. ரெண்டு மூணு தடவை போதும்.

சிம்லாவில் இருக்கிற மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம், வெப்பம் தாங்கணும்னே உருவாக்கின ரகம் 'குஃப்ரி சூர்யா'. விதைக் கிழங்கு கிடைச்சா அதுக்கே முதலிடம் கொடுங்க.

எங்க வைக்கணும்?

மொட்டை மாடித் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடிச்சு, ராத்திரி அந்தச் சூட்டைத் திருப்பி விடும். செடிக்குக் குளிர்ச்சி தேவைப்படுற நேரமும் அதுதான். அதனால காலை வெயில் அஞ்சாறு மணி நேரம் விழுற கிழக்குப் பக்க பால்கனி நல்லது. மாடிதான் ஒரே வழின்னா, வாளியைச் சுத்தி ஈரச் சாக்கு கட்டுங்க; மண் மேல காய்ஞ்ச இலை பரப்புங்க.

இதை மட்டும் மறக்காதீங்க

வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்குல சோலனைன்ங்கிற நச்சு அதிகமா இருக்கும். வேக வெச்சாலும் அது போகாது. மண் அணைக்கிறதுக்கு முக்கியக் காரணமே இதுதான். கீரை மாதிரி தளதளன்னு இருக்கேன்னு இலையைப் பறிச்சுக் கூட்டு வெச்சுடாதீங்க. இலை, காய் எல்லாமே விஷம். வீட்டுல குழந்தைங்க இருந்தா சொல்லி வைங்க.

இலை மஞ்சளாகிச் சாய்ஞ்சதும் தண்ணியை நிறுத்துங்க. பத்து நாள் கழிச்சுத் தோண்டுங்க. ஒரு வாளிக்கு அரை கிலோ கிடைச்சாலே நம்ம ஊருக்கு நல்ல அறுவடை. பிப்ரவரிக்கு அப்புறம் அதே வாளியில சர்க்கரைவள்ளிக் கொடியை நட்டுடுங்க. அது நம்ம வெயிலுக்குப் பயப்படாது. அதோட இலையைத் தாராளமா சமைச்சும் சாப்பிடலாம்!