காரைக்குடிக்கு வந்த பல்கலைக்கழகம்

1947-ல் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. செல்வந்தர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் வேண்டினார். அதைக் கேட்டிருந்த தொழிலதிபர் அழகப்பச் செட்டியார் அந்த ஆண்டே காரைக்குடியில் கல்லூரியைத் தொடங்கிவிட்டார்! அதோடு நிற்கவில்லை. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அங்கே அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். குடியிருந்த வீட்டையே பெண்கள் கல்லூரிக்குக் கொடுத்த பெருமனம் அவருடையது. 1957-ல், ஐம்பது வயதைத் தொடும் முன்பே, மறைந்தார். அவர் வளர்த்த கல்விநகரில் 1985-ல் தமிழக அரசு பல்கலைக்கழகம் நிறுவியது. அதற்கு அழகப்பா பல்கலைக்கழகம் என்றே பெயர்.