முந்தித் துடிக்கும் இருதயம்!

வெம்பக்கோட்டை வட்டாரத்தில் சின்னப் பையனைக் கேட்டாலும் "பத்தாயிரம் வாலா" என்றால் என்ன என்று சொல்வான். நீளத் திரியில் வரிசையாகக் கோத்த சரவெடி அது. 2018-ம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு சரவெடிக்குத் தடை போட்டது.

பெயருக்கு ஏற்றபடி ஒரு சரத்தில் 10 ஆயிரம் வெடி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படி 10 சரம் என்றால் 1 லட்சம் வெடி. மனிதனின் இருதயம் ஒரே நாளில் துடிப்பது ஏறக்குறைய அத்தனை முறை!

சரத்தில் ஒரு வெடி முறை தவறி முந்திக்கொள்வது உண்டு. இருதயத்திலும் அது நடக்கிறது.

துடிப்புக்கான உத்தரவு இருதயத்தின் மேல் அறையிலிருந்து வரவேண்டும். சில சமயம் கீழ் அறையில் ஏதோ ஒரு மூலை, உத்தரவு வரும் முன்பே தானாகத் துடித்துவிடும். அப்போது அறையில் ரத்தம் சரியாக நிரம்பியிருக்காது. ஆகவே வெளியே போகும் ரத்தமும் குறைவு. அதன்பின் சிறிது இடைவெளி. அடுத்த துடிப்பு பலமாக விழும். "நெஞ்சு ஒரு தடவை நின்னு, திடுக்குனு அடிச்சுது" என்று சொல்கிறார்களே, அது இதுதான். உண்மையில் இருதயம் நிற்கவில்லை, முந்திக்கொண்டது. டாக்டர்கள் இதை "வி.பி.சி." என்று சீட்டில் எழுதுவார்கள்.

பயப்பட வேண்டாம். நல்ல திடகாத்திரமான ஆளுக்கும் இது வரும். தூக்கம் கெட்டால் வரும். மது குடித்தால் வரும். வயிற்றுப்போக்கில் உடம்பின் பொட்டாசியம் சத்து குறைந்தாலும் வரும். காப்பி? அமெரிக்காவில் 100 பேரை வைத்துப் பார்த்து 2023-ல் கணக்கு வெளியிட்டார்கள். காப்பி குடித்த நாளில் 154 முந்தும் துடிப்பு. குடிக்காத நாளில் 102. லட்சத்தில் இது எம்மாத்திரம்!

எது முதலில்?

நாள் முழுவதும் ஆயிரக்கணக்கில் முந்தினால் கதை வேறு. இருதயத் தசை தளர்கிறது. அறை பெரிதாகிறது. ரத்தத்தைத் தள்ளும் சக்தி குறைகிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்கும். கால் வீங்கும்.

பலவீனமான இருதயத்தில் முந்தும் துடிப்பு வரும் என்பது டாக்டர்களுக்குப் பழைய சங்கதி. முந்தும் துடிப்பே இருதயத்தைப் பலவீனமாக்குமா என்பதுதான் கேள்வி. 1998-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை டாக்டர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காரணம் தெரியாமல் இருதயம் தளர்ந்திருந்த சிலருக்கு முந்தும் துடிப்பை அடக்கியதும், இருதயம் மறுபடி பலம் பெற்றது. இருதயம் தளர்ந்தால் தளர்ந்ததுதான் என்று நம்பியிருந்த குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி!

24 ஆயிரம்

எத்தனை முந்தினால் ஆபத்து? மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இந்தத் தொல்லைக்குச் சிகிச்சைக்கு வந்த 174 பேரின் கணக்கு 2010-ல் வெளியாயிற்று. அவர்களில் 57 பேருக்கு இருதயம் தளர்ந்திருந்தது. அந்த 57 பேருக்குச் சராசரியாக 100 துடிப்பில் 33 முந்தும் துடிப்பு. மற்றவர்களுக்கு 13. 100-க்கு 24-ஐத் தாண்டியவர்களிடம் தளர்ச்சி மிக அதிகம். அதாவது ஒரு நாளைக்குச் சுமார் 24 ஆயிரம்! 100-க்கு 10 இருந்தும் தளர்ந்தவர்கள் உண்டு. 24-க்கு மேல் இருந்தும் தளராதவர்களும் உண்டு.

எண்ணிக்கை மட்டும் அல்ல, காலமும் பேசும். 5 ஆண்டுக்கு மேல் படபடப்போடு காலம் தள்ளியவர்களுக்கு ஆபத்து கூடுதல். பகலில் மட்டும் இல்லாமல் தூக்கத்திலும் ஒரே மாதிரி முந்தினால், அதுவும் நல்லதல்ல. ஈ.சி.ஜி. காகிதத்தில் முந்தும் துடிப்பின் கோடு மிக அகலமாக விழுந்தால் டாக்டர் உஷாராகிறார். பெண்களைவிட ஆண்களுக்கே இந்தத் தளர்ச்சி அதிகம் காணப்படுகிறது.

எல்லாவற்றிலும் விசித்திரமானது ஒன்று உண்டு. படபடப்பே தெரியாதவருக்குத்தான் ஆபத்து அதிகம்! நெஞ்சு திடுக்கிட்டால் மனிதன் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறான். ஒன்றுமே தெரியாதவன் ஆண்டுக்கணக்கில் சும்மா இருந்துவிடுகிறான். பட்டாசு ஆலைக்குப் போகிறவருக்கு மூச்சு வாங்கினால், "மருந்து நெடி, வேறென்ன?" என்று வீட்டாரே சொல்லிவிடுவார்கள். இருதயத்தின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது.

கொரோனா காலத்தில் வாங்கிய விரல் கருவி சில வீடுகளில் இருக்கிறது. அதில் நாடி 40 என்று காட்டினால், கருவி கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். முந்தும் துடிப்பு பல நேரம் விரல் வரை எட்டாது. ஒன்றுவிட்டு ஒன்று முந்தினால், 80 துடிப்பு 40-ஆகத் தெரியும்.

முதுகில் 38 கிலோ

ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஈ.சி.ஜி. சில விநாடிதான் பார்க்கும். 24 மணி நேரம் எண்ணுவதற்கு "ஹோல்டர்" கருவி இருக்கிறது. மோன்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர் உருவாக்கியது. அவர் முதலில் செய்த கருவி சுமார் 38 கிலோ. முதுகில் சுமக்க வேண்டியிருந்தது! இன்று அது உள்ளங்கையில் அடங்கும். அதை மாட்டிக்கொண்டு வழக்கமான வேலையைப் பார்க்கலாம். இதோடு "எக்கோ" எடுத்தால் தசையின் பலம் தெரியும். அந்தச் சீட்டில் "ஈ.எப்." என்ற எண் 50-க்குக் கீழே இருந்தால் தளர்ச்சி என்று பொருள்.

வெம்பக்கோட்டைக்காரர்கள் அறிய வேண்டிய இன்னொன்று. மத்தாப்புக்குப் பச்சை நிறம் தருவது பேரியம் உப்பு. 2018-ம் ஆண்டுத் தீர்ப்பு அதையும் தடை செய்தது. பேரியம் நைட்ரேட் வயிற்றுக்குள் போனால் ரத்தத்தில் பொட்டாசியம் திடீரென்று சரியும். துடிப்பு தாறுமாறாகும். உயிரே போகலாம். இது ஆண்டுக்கணக்கில் வரும் தளர்ச்சி அல்ல. சில மணி நேரத்தில் வரும் விபத்து. மருந்து பட்ட கையோடு சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது. குழந்தை மத்தாப்பைக் கடித்துவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

கடையில் மாத்திரை வாங்காதீர்கள்

முந்தும் துடிப்பை அடக்க மாத்திரை உண்டு. ஆனால் ஆளுக்கு ஆள் மாறும். மாரடைப்பு வந்தவர்களுக்கு இரண்டு மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்த அமெரிக்கச் சோதனையை 1989-ல் பாதியில் நிறுத்தினார்கள். துடிப்பு என்னவோ அடங்கியது. ஆனால் மாத்திரை தின்ற 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். வெறும் மாத்திரை தின்ற 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர்!

மாத்திரைக்கு அடங்காவிட்டால் வேறு வழி இருக்கிறது. தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி, தகராறு செய்யும் இடத்தை மட்டும் சுட்டுவிடுகிறார்கள். நெஞ்சைப் பிளக்க வேண்டியதில்லை.

முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம். விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி திறக்கப்பட்டது. மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் இருதயத்துக்கென்று தனிப் பிரிவு உண்டு.

சுட்ட பிறகு இருதயம் உடனே பழையபடி ஆகிவிடாது. தேறுகிறவர்களில் பெரும்பாலோர் 4 மாதத்தில் தேறிவிடுகிறார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அதற்கு மேலும் ஆகிறது. அதனால்தான் டாக்டர் மீண்டும் ஹோல்டர் மாட்டச் சொல்கிறார். மீண்டும் எக்கோ எடுக்கிறார்.