வல்லந்தைக்கு வந்த பஞ்சாபியர்

ஆழியாற்றுத் தண்ணீர் எப்போது திறப்பார்களென்று நாள் பார்த்திருக்கும் சித்தூர் வட்டத்தின் கிழக்கெல்லையில், எருத்தேம்பதி, வடகரப்பதிப் பக்கத்து வறண்ட காடுகளை நம்பி ஜீவனம் செய்கிற நமக்கு, சொந்த ஊரைவிட்டுப் போன பஞ்சாபியர் என்றதும் லண்டனின் சவுதாலையும் கனடாவின் வான்கூவரையும்விட, ராமநாதபுரம் ஜில்லாவில் கமுதி வட்டாரத்து வல்லந்தை கிராமமே முதலில் நினைவுக்கு வரவேண்டும் என்பேன்.

சொந்த மாநிலத்தில் நிலம் வாங்குவது துர்லபமாகிவிட்ட சில சீக்கிய விவசாயிகள், 2007ஆம் ஆண்டையொட்டி அங்கே வந்து, சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்த தரிசைச் சொற்ப விலைக்கு வாங்கினார்கள். கருவேலத்தை வெட்டினால் மட்டும் போதாது. தூரோடு பெயர்க்காவிட்டால் அடுத்த மழைக்கே தழைத்துவிடும். அவர்கள் இயந்திரம் வைத்துத் தூரைப் பிடுங்கி, நிலத்தை உழுது திருத்தி, ஆழ்குழாய்க் கிணறு இறக்கி, கன்றுகளுக்குச் சொட்டுநீர் பாய்ச்சினார்கள். ‘அகால் பண்ணை’ என்று பெயர் பெற்ற, நூற்றுக்கணக்கான ஏக்கர் பரந்த அந்த நிலத்தில் இன்று மாவும் கொய்யாவும் தென்னையும் நெல்லியும் பலன் தருகின்றன.

இது அந்த ஜனங்களுக்குப் பரம்பரை வித்தை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சீனாப் கால்வாயைக் கொண்டு லயல்பூர்ப் பொட்டலைக் கழனியாக்கியவர்களின் சந்ததியார், 1947ஆம் வருஷப் பிரிவினையில் அதை இழந்து, இமயமலை அடிவாரத் தராய்க் காடுகளைத் திருத்தினார்கள். கலிபோர்னியாவுக்குப் போனவர்களின் பாடு இன்னும் கொடிது. 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில் இந்தியருக்குக் குடியுரிமை கிடையாதென்று அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளிக்க, அதனாலேயே அங்கே சொந்தமாக நிலம் வாங்கவும் வழியற்றுப் போயிற்று. 1946இல்தான் சட்டம் இளகியது. பத்தாண்டு கழித்து, இம்பீரியல் பள்ளத்தாக்கின் விவசாயியான தலீப் சிங் சௌந்த் அந்நாட்டுக் காங்கிரஸுக்கே தேர்வானார்.

வல்லந்தையில் அப்படியொரு தடை குறுக்கே நிற்கவில்லை. பாஷை தெரியாமல் வந்தவர்களுக்கு நிலமும் கொடுத்து, உடனிருந்து வேலையும் செய்த ராமநாதபுரத்து மக்களுக்கும் இந்தப் பெருமையில் பங்குண்டு.

நிலத்தடி நீர் அளவு மீறி உறிஞ்சப்பட்ட நம் சித்தூர் வட்டாரத்துக்கு ஆழ்குழாய்க் கிணறு உகந்த வழியன்று. அதை அவர்களிடம் கற்க வேண்டாம். தரிசென்று தள்ளிய மண்ணில் சொட்டுநீரும் பழமரமும் செய்யும் காரியத்தையோ நேரில் கண்டே ஆகவேண்டும். நம் கிருஷி பவன்கள் இந்தக் கோடைக்குள்ளேயே விவசாயிகளை வல்லந்தைக்கு அழைத்துச் சென்று காட்டட்டும்.