தரவையில் இறங்குமுன்

வரைபடமும் வேட்டையும் – 6

ஆனையிறவை இப்போது யானை கடப்பதில்லை. ஏ9 வீதியில் பேருந்தும், பக்கத்துத் தண்டவாளத்தில் யாழ்தேவியும் கடக்கின்றன. ஆனாலும் அந்தப் பெயர் ஒரு பழைய வேட்டைக் குறிப்பு. வன்னிக் காடுகளில் பிடிபட்ட யானைகளை ஒல்லாந்தர் காலத்தில் குடாநாட்டுக்குள் நடத்தி வந்தது இந்த ஆழமில்லாத நீர்ப்பரப்பின் வழியேதான். யாழ்ப்பாணத்தில் அவற்றுக்கு விலை பேச வங்காளத்திலிருந்தும் கோல்கொண்டாவிலிருந்தும் வணிகர்கள் வந்தார்கள். விற்ற யானைகள் ஊர்காவற்றுறைப் பக்கம் போய்க் கப்பலேறின. யாழ்ப்பாண நகரில் ஆனைப்பந்தி என்ற பெயர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

கைத்தொலைபேசியில் செய்மதிப் படத்தைத் திறந்து ஆனையிறவைப் பார்த்தால், இரண்டு பெரிய நிலங்கள் ஒரு நூலால் கோத்ததுபோலத் தெரியும். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மான் வேட்டைக்குப் போகிறவர் வீட்டில் இருந்தபடியே கணினியில் தேடுவதும் இப்படி ஓர் ஒடுங்கலைத்தான். மலைத்தொடர் தாழ்ந்து போகும் கணவாய், இரண்டு காடுகளை இணைக்கும் பற்றைத் துண்டு, ஆற்றில் கால் வைத்துக் கடக்கக்கூடிய துறை. விலங்கு எங்கே மேய்ந்தாலும் இப்படியான ஓரிடத்தைக் கடக்க வேண்டியிருக்கும். 2009இல் அந்த மாநிலத்தில் தொடங்கிய ஒன்எக்ஸ் நிறுவனம் இந்தத் தேடலையே தொழிலாக்கியது. எது அரச நிலம், எது தனியார் காணி, வேலி எங்கே முடிகிறது என்பதெல்லாம் இன்று அங்கே வேட்டைக்காரரின் சட்டைப் பைக்குள் இருக்கிறது.

குடாநாட்டில் துப்பாக்கியுடன் களப்போரம் போகும் காலம் முடிந்துவிட்டது. முடித்துவைத்ததில் வேட்டைக்காரருக்கும் பங்கு உண்டு. 1894இல் இலங்கையில் தொடங்கிய வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தவர்கள் வேட்டையாடிகள். சுட்டுச் சுட்டே காடு வெறுமையாகிவிடும் என்ற பயம் அவர்களுக்கே வந்திருந்தது. 1937இல் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டில் சுண்டிக்குளம் சரணாலயமானது; 2015 ஜூனில் தேசியப் பூங்காவாகத் தரம் உயர்ந்தது. ஏறத்தாழ 19,565 ஹெக்டெயர். இன்று அங்கே தொலைநோக்கியும் நீண்ட வில்லைக் கமராவுமாக வருகிறவர்கள் தேடுவதும் இரையைப் போன்ற ஒன்றைத்தான். நிலத்தை வாசிக்கும் முறையும் அதேதான்.

ஆனால் மொன்டானாவில் கற்ற பாடத்தை அப்படியே கொண்டுவந்து சரசாலையில் வைக்க முடியாது. அங்கே மலை அசையாது, ஆறு இடம் மாறாது. இங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறே இல்லை. சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கும் தட்டை நிலம். ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவமழை இறங்கினால் தரவையெல்லாம் நீர் பரவும். மாசி, பங்குனியில் அதே நீர் பின்வாங்கி உப்புப் பூக்கும். மாடு மேய்ந்த இடத்தில் இரண்டு மாதம் கழித்து வாத்து நீந்தும். ஆகவே யாழ்ப்பாணத்துப் படத்தைப் பார்க்கிறவர் முதலில் கேட்க வேண்டியது ஒன்று: இந்தப் படம் எந்த மாதத்தில் எடுத்தது?

பலர் தவறுவது இங்கேதான். கூகுள் வரைபடத்தில் காணும் காட்சி இன்றைய காட்சி அல்ல. சில மாதமோ சில ஆண்டோ பழையதாக இருக்கலாம். பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் வெவ்வேறு நாட்களில் எடுத்தவையாகவும் இருக்கலாம். ஆவணியில் வெளுத்துக் கிடந்த தனங்கிளப்பு வெளியைப் படத்தில் பார்த்து நல்ல நடைபாதை என்று எண்ணி மார்கழியில் இறங்கினால் முழங்கால்வரை சேறு. கூகுள் ஏர்த்தில் பழைய படங்களை ஆண்டுவாரியாகப் புரட்டிப் பார்க்கும் வசதி 2009 முதல் இருக்கிறது. ஓர் இடத்தின் ஐந்தாறு படங்களை அடுத்தடுத்துப் பார்த்தாலே போதும். நீர் எதுவரை ஏறும், எங்கே கடைசியாக வற்றும் என்பது பிடிபட்டுவிடும். கடைசியாக வற்றும் குழியைக் குறித்துக்கொள்வது நல்லது. சுற்றுவட்டாரம் காயக் காயப் பறவைகள் அங்கேதான் வந்து சேரும்.

அண்மை நிலைமைக்கு ஐரோப்பிய விண்வெளி முகவரகத்தின் சென்ரினல்-2 செய்மதிகள் உதவும். முதலாவது 2015இலும் இரண்டாவது 2017இலும் ஏவப்பட்டன. படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீற்றர். பறவை தெரியாது, நீரின் விளிம்பு தெரியும். இந்த வரிசையின் இரண்டு செய்மதிகள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படமெடுக்கும். பார்ப்பதற்குப் பணமும் இல்லை. அகச்சிவப்புக் கதிரில் எடுத்த படத்தைத் தெரிவுசெய்தால் நீர் கருமையாகவும், கண்டற்காடும் பனங்கூடலும் செக்கச்செவேலென்றும் மாறி நிற்கும். சாதாரணப் படத்தில் ஒரே பழுப்பாகக் குழம்பிக் கிடக்கும் உவர்நிலம் அப்போது தெளிவாகப் பிரியும். கார்த்திகையில் மேகம் மூடிவிட்டால் இந்தக் கண் குருடு. அந்த வாரங்களில் மேகத்தை ஊடுருவும் ராடர் படம் தரும் சென்ரினல்-1ஐ நாட வேண்டும்.

விளிம்பு தெரிந்தபின் காலின் நீளத்தைக் கணக்கிடலாம். உள்ளானுக்கு ஈரச் சேறு போதும். நீண்ட காலுள்ள பூநாரை அதைவிட ஆழத்தில் நின்று, தலையைக் கவிழ்த்து உவர்நீரை வடித்து உண்ணும். சைபீரியப் பக்கமிருந்து வரும் ஊசிவால் வாத்து திறந்த நீரில் மிதக்கும். எந்த விளிம்பில் எந்தக் கால் நிற்கும் என்று வீட்டிலேயே ஓரளவு சொல்லிவிடலாம். மிச்சத்தை அதிகாலையில் போய்ப் பார்க்க வேண்டும்.

பண்ணைப் பாலத்தில் நின்று பார்ப்பவருக்கு இன்னொரு வேட்டையின் தடயம் தெரியும். ஆழமற்ற களப்பில் தடிகளை வரிசையாக நட்டு, வலையைச் சிறகுபோல விரித்து, மீனையும் இறாலையும் ஒரு மூலைக்கு ஒடுக்கிக் கொண்டுபோகும் சிறகுவலை. ஆனையிறவில் நிலம் தானாகச் செய்த ஒடுங்கலை இங்கே மனிதர் தடியால் செய்திருக்கிறார்கள். தடி நட்டிருக்கும் இடம் ஆழத்தையும் நீரோட்டத்தின் திசையையும் சேர்த்தே சொல்லும். செய்மதி இல்லாத காலத்திலேயே இந்தக் களப்பை அங்குலம் அங்குலமாக அறிந்தவர்களின் கணக்கு அது. படத்தில் ஐயம் வந்தால் கரையில் வலை காயவைக்கிறவரிடம் கேட்பதே உத்தமம். சரசாலையில் குருவிக்காடு என்று ஓர் இடம் இருக்கிறது. பறவை பார்க்க எங்கே போவது என்ற கேள்விக்கு ஊர்க்காரர் எப்போதோ விடை எழுதி, பெயராகவே வைத்துவிட்டார்கள்.

எந்தச் செய்மதியும் காட்டாத ஒன்றும் இந்த மண்ணுக்குள் இருக்கிறது. போர்க்காலத்தில் முன்னரங்கு நிலையாக இருந்த முகமாலைப் பக்கம், படத்தில் பற்றை மண்டிய அழகான பச்சையாகத் தெரிந்தது. ஆளரவம் இல்லை, பாதை இல்லை. வேறு எந்த நாட்டிலும் இப்படி ஒரு துண்டைக் கண்டால் வேட்டைக்காரர் முதலில் அங்கேதான் குறியிடுவார். அந்தப் பச்சை தழைத்ததற்குக் காரணம் மிதிவெடி. ஹலோ டிரஸ்ட் போன்ற அமைப்புகளின் பணியாளர்கள், ஊர்ப் பெண்கள் பலரும் உட்பட, ஆண்டுக்கணக்காக மண்டியிட்டு மண்ணைக் கிளறி அவற்றை எடுத்து வருகிறார்கள். இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. தென்மராட்சிக்குக் கிழக்கே கமராவுடன் போகிறவர் யாராயினும், ஆள் நடமாட்டமில்லாத பச்சையைப் படத்தில் கண்டால் மகிழ வேண்டாம். மாடு போன தடம் இருக்கிறதா என்று பாருங்கள், ஊராரைக் கேளுங்கள், எச்சரிக்கைப் பலகை இருந்தால் திரும்பிவிடுங்கள்.

இன்னொரு கவலையையும் மறைக்க முடியாது. பறவை பார்ப்பவருக்கு உதவும் குறிப்பு, கண்ணி வைப்பவருக்கும் உதவும். 2013இல் மத்தியப் பிரதேசத்தின் பன்னா காப்பகத்தில், புலியின் கழுத்துப்பட்டி அனுப்பும் இருப்பிடத் தகவல் வந்துசேரும் மின்னஞ்சலுக்குள் அடையாளம் தெரியாத ஒருவர் நுழைய முயன்றார். முயற்சி பலிக்கவில்லை, ஆனாலும் அன்றிலிருந்து காட்டுத்துறையினர் நிம்மதியாக இல்லை. கோர்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் ஈபேர்ட் பதிவேட்டில், ஆபத்திலுள்ள சில பறவைகளின் துல்லியமான இடத்தைப் பொதுமக்கள் பார்க்க முடியாது. அது மறைத்தே வைக்கப்பட்டிருக்கிறது.

குடாநாட்டில் இந்தக் கட்டுப்பாட்டை ஒவ்வொருவரும் தாமாகவே ஏற்க வேண்டியிருக்கிறது. பூநாரைக் கூட்டத்தின் படத்தை முகநூலில் போடும்போது 'யாழ் களப்பு' என்று எழுதினால் போதும். ஒழுங்கையின் பெயர் வேண்டாம். கூட்டையும் அடையும் மரத்தையும் வரைபடத்தில் குறியிட வேண்டாம். பதிவேட்டுக்குத் தர வேண்டிய எண்ணிக்கையைப் பறவைகள் போன பிறகும் தரலாம். படமெடுக்கும் கைத்தொலைபேசி இருப்பிடத்தையும் சேர்த்தே படத்துக்குள் எழுதிவிடுகிறது. தரவையில் இறங்குமுன் அந்த அமைப்பை நிறுத்திவிட ஒரு நிமிடம் போதும்.

(அடுத்த வாரம்: கடலின் நிறம் பார்த்து மீன்கூட்டம் தேடும் செய்மதிகள்)