கோயம்பேட்டில் இருந்து லாரியில் வந்த கொரோனா: 2020-ல் விழுப்புரம், திண்டிவனம் ஜனங்க நடந்துகிட்டது எப்படி?

விழுப்புரம்:-

"கொரோனாவா? அது சீனாக்காரனுக்கு வர்ற நோய். நம்ம வெயிலுக்கு செத்துப் போயிடும்!"

2020-ம் ஆண்டு பிப்ரவரியில் விழுப்புரம், திண்டிவனம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்த யாரும் இந்த பேச்சை கேட்காமல் எழுந்து வந்திருக்க முடியாது. ஏப்ரல் மாதம் வந்ததும் அதே ஆட்கள் எதிர்வீட்டில் ஒருத்தர் தும்மினால் ஜன்னலை சாத்தினார்கள். மே மாதம் டாஸ்மாக் திறந்தபோது தோளோடு தோள் உரசி வரிசையில் நின்றதும் அதே ஆட்கள்தான்.

ஊரும் ஒண்ணு, ஜனமும் ஒண்ணு. 3 மாசத்துல 3 விதமா நடந்துகிட்டாங்களே, ஏன்? "படிக்காத ஜனம், சொன்னா கேக்காது" என்று அதிகாரிகளும் டி.வி.யில் பேசியவர்களும் சொன்னார்கள். அது அவ்வளவு சரியில்லை.

கோழிக்கு வந்த சோதனை

முதல் அடி விழுந்தது கோழிக்கு. "சிக்கன் சாப்பிட்டா கொரோனா வரும்" என்று வாட்ஸ்அப்பில் புரளி கிளம்பியது. கறிக்கோழி விலை சரிந்தது. நாமக்கல்லில் முட்டை தேங்கியது. கோழியால் கொரோனா பரவாது என்று அரசும் கால்நடை டாக்டர்களும் எவ்வளவோ சொல்லியும் ஞாயிற்றுக்கிழமை சிக்கன் கடை வெறிச்சோடியது. கிராக்கி எல்லாம் மீன், ஆட்டுக்கறி பக்கம் போனது.

இதில் கவனிக்க வேண்டியது, ஜனங்க அப்பவே பயந்துதான் இருந்தார்கள். ஆனால் எதுக்கு பயப்படணும் என்பது தெரியவில்லை. இந்தியாவில் முதல் நோயாளி 2020 ஜனவரி 30-ந் தேதி கேரளாவில் கண்டுபிடிக்கப்பட்டார். தமிழ்நாட்டில் மார்ச் 7-ந் தேதி, ஓமனில் இருந்து வந்த காஞ்சீபுரத்துக்காரருக்கு உறுதியானது. உலக சுகாதார நிறுவனம் மார்ச் 11-ல் இதை உலகப் பெருந்தொற்று என்றது. அதுவரை நம்ம பக்கம் இது பேப்பர் செய்திதான்.

6 மணிக்குள்ள ஊருக்கு போகணும்

மார்ச் 22 ஞாயிறு அன்று சுய ஊரடங்கு. விழுப்புரம் ரெயில்வே ஜங்ஷனும் நாலுமுனை ரோடும் காலியாக கிடந்ததை அன்றைக்குத்தான் பலர் முதல் முறையாக பார்த்தார்கள். சாயங்காலம் 5 மணிக்கு வாசலில் நின்று கை தட்டினார்கள். சிலர் தட்டை எடுத்து தட்டினார்கள். "அவ்ளோதான், நாளைக்கு சரியாயிடும்" என்று நினைத்தவர்கள் நிறைய பேர்.

அடுத்த 2 நாள்தான் வினையே. மார்ச் 24 மாலை 6 மணியில் இருந்து தமிழ்நாடு முழுக்க 144 தடை உத்தரவு என்று அறிவிப்பு வந்தது. சென்னையில் கூலி வேலை, கட்டிட வேலை, ஓட்டல் வேலை பார்த்த தென் மாவட்டத்து ஆட்கள் எல்லாம் பையை தூக்கிக்கொண்டு கோயம்பேடு பஸ் நிலையத்துக்கு ஓடினார்கள். பஸ் போதவில்லை. படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். அத்தனை பஸ்சும் ஜி.எஸ்.டி. ரோட்டில் திண்டிவனம், விழுப்புரம் தாண்டித்தானே போகணும்.

கூட்டம் கூடாதே என்று போட்ட உத்தரவே பெரிய கூட்டத்தை கூட்டிவிட்டது. இந்த தப்பு அப்புறமும் நடந்தது. அதை பின்னால் பார்ப்போம்.

144 என்பதையும் பலர் தப்பாக புரிந்துகொண்டார்கள். 5 பேருக்கு மேல் கூடக்கூடாது என்பது அந்த பிரிவுக்கு வழக்கமான அர்த்தம். "அப்போ 4 பேர் சேர்ந்து போலாம் இல்ல?" என்று ஒரே பைக்கில் 3 பேர் கிளம்பினார்கள். ஆனால் மார்ச் 25-ல் இருந்து நாடு முழுக்க வந்தது வேறு சட்டம், 2005-ம் ஆண்டு பேரிடர் மேலாண்மை சட்டம். அதில் காரணம் இல்லாமல் வீட்டை விட்டு வரவே கூடாது. போலீசார் வண்டியை பிடுங்கி வழக்கு போட்டபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. (அந்த பழைய 144 இப்போது இல்லை. 2024 ஜூலை 1 முதல் புது சட்டத்தில் அது 163-வது பிரிவு.)

வட்டத்துல ஏன் நிக்கல?

ரேஷன் கடை, மருந்துக்கடை, மளிகைக்கடை வாசலில் சுண்ணாம்பில் வட்டம் போட்டது ஞாபகம் இருக்கும். 3 அடி தள்ளி நிற்க வேண்டும். முதல் 10 நிமிஷம் வட்டத்தில் நிற்பார்கள். ஷட்டர் தூக்கினால் போச்சு. வட்டத்தில் செருப்பும் பையும்தான் நிற்கும், ஆள் எல்லாம் கவுண்டரில்.

காரணம் ரொம்ப எளிது. ரேஷன் வரிசையில் வாழ்நாள் பூரா நின்ற ஒரு அம்மாவுக்கு ஒரு பாடம் தெரியும். கடைசியில் நிற்பவருக்கு பாமாயில் கிடைக்காது. "ஸ்டாக் தீர்ந்துடுச்சு, நாளைக்கு வாம்மா" என்பார்கள். சுண்ணாம்பு வட்டத்தை நம்பி அந்த பாடத்தை எப்படி மறப்பார்?

இதற்கு நல்ல சாட்சி 1,000 ரூபாய் நிவாரணம். அரிசி கார்டுக்கு தலா 1,000 ரூபாயும், ஏப்ரல் மாத அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை இலவசம் என்றும் மார்ச் 24-ந் தேதி சட்டசபையில் அப்போதைய முதல்-அமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். 2 கோடி கார்டுக்காரர்கள். ஒரே நாளில் வந்தால் என்ன ஆகும்? அதனால் டோக்கன் கொடுத்தார்கள். இன்ன தேதி, இன்ன நேரம் என்று எழுதி வீட்டிலேயே கொடுத்த இடங்களில் தள்ளுமுள்ளு குறைந்தது. "என் பங்கு எனக்கு வந்துடும்" என்ற நம்பிக்கை வந்தால் நம்ம ஜனம் வட்டத்தில் நிற்கும். தடியை காட்டி நிற்க வைப்பது போலீசார் அந்தப் பக்கம் போகும் வரைக்கும்தான்.

மாஸ்க் கதையும் இப்படித்தான். முதலில் "நோய் இருக்கிறவங்க மட்டும் போட்டா போதும்" என்றார்கள். அப்புறம் எல்லாரும் போடணும் என்றார்கள். மார்ச் 21-ல் மத்திய அரசு 3 அடுக்கு மாஸ்க் 10 ரூபாய்க்கு மேல் விற்கக்கூடாது என்று விலை கட்டியது. அன்றைய கூலி போன ஆள் தினமும் 10 ரூபாய்க்கு மாஸ்க் வாங்குவாரா? துண்டை கட்டினார், முந்தானையை இழுத்து மூடினார்கள். பலர் போலீசாரை பார்த்தால் மட்டும் மூக்குக்கு ஏற்றினார்கள்.

வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியது, மஞ்சள் தண்ணீர் தெளித்தது எல்லாம் அந்த நாளில்தான். இதை கேலி பண்ணியவர்கள் உண்டு. ஆனால் படித்தவர்கள் செய்ததும் சும்மா இல்லை. மார்க்கெட் வாசலில் கிருமிநாசினி பீய்ச்சும் சுரங்கம் வைத்தார்கள். திருப்பூரில் தொடங்கி பல ஊரில் வந்தது. உடம்பு மேல் மருந்து அடிப்பதால் பயன் இல்லை, கெடுதல்தான் என்று சொல்லி ஏப்ரலிலேயே சுகாதாரத்துறை அதை நிறுத்தச் சொன்னது. கொரோனா முக்கியமாக பரவுவது மூச்சுக்காற்றில், அதுவும் அடைத்த இடத்தில். கத்தரிக்காயை மஞ்சள் தண்ணீரில் 3 தடவை கழுவிவிட்டு, மாஸ்க் இல்லாமல் அடைத்த ரூமில் சீட்டு ஆடியவர்கள் கதை உங்களுக்கே தெரியும்.

டெல்லி வாலிபரை தேடி...

மார்ச் கடைசியில் விழுப்புரம் மாவட்டமும் பட்டியலில் சேர்ந்தது. ஏப்ரல் 4-ந் தேதி 51 வயதுக்காரர் ஒருவர் விழுப்புரத்தில் சிகிச்சை பலனின்றி இறந்தார். தமிழ்நாட்டின் முதல் சில சாவுகளில் ஒன்று அது. அன்றைக்குத்தான் ஊருக்கு உறைத்தது.

அடுத்த 3-வது நாள் பெரிய பரபரப்பு. விழுப்புரம் அரசு ஆஸ்பத்திரியில் இருந்த டெல்லி வாலிபர் ஒருவருக்கு கொரோனா இல்லை என்று தவறுதலாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம்தான் இருக்கிறது என்று தெரிந்தது. போலீசார் தனிப்படை அமைத்து தேடினார்கள். ஒரு வாரம் கழித்து செங்கல்பட்டு மாவட்டம் படாளம் பக்கம், அதே ஜி.எஸ்.டி. ரோட்டோரம் அவர் கிடைத்தார். ஊரும் தெரியாமல், பாஷையும் புரியாமல், பஸ் ரெயில் இல்லாத நேரத்தில் அவர் வேறு எங்கே போயிருப்பார்? அந்த ஒரு வாரம் விழுப்புரத்தில் இந்தி பேசுகிற யாரை பார்த்தாலும் சந்தேகம்தான்.

சந்தேகம் அதோடு நிற்கவில்லை. டெல்லி மாநாட்டுக்கு போய் வந்தவர்களுக்கு தொற்று என்றதும் முஸ்லிம் வியாபாரிகளிடம் காய் வாங்காதே என்று வாட்ஸ்அப்பில் பரப்பினார்கள். தமிழ்நாடு சுகாதாரத்துறையே மாநாட்டு பெயரை சொல்வதை விட்டு "ஒரே இடத்தில் இருந்து பரவியது" என்று மாற்றிக்கொண்டது. அந்த மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்று மும்பை ஐகோர்ட்டின் அவுரங்காபாத் கிளை 2020 ஆகஸ்டில் சொன்னது. அதற்குள் ஆக வேண்டியது ஆகிவிட்டது.

வயலில் அழுகிய தர்பூசணி

இங்கே ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். மார்ச், ஏப்ரல் என்றால் திண்டிவனம், மரக்காணம் பக்கம் தர்பூசணி சீசன். ரோட்டோரம் மலை மாதிரி குவித்து வைத்திருப்பார்கள். கார்காரன் நிறுத்தி வாங்குவான், லாரி லாரியாக வெளியூர் போகும். 2020-ல் கார் இல்லை, வியாபாரி வரவில்லை, ஜூஸ் கடை இல்லை. அறுக்க கூலி கொடுத்தாலும் அந்த காசுகூட திரும்பாது என்று பழத்தை வயலிலேயே விட்டவர்கள் உண்டு. கொரோனா வராமலே நஷ்டப்பட்ட குடும்பங்கள் அவை. புதுச்சேரிக்கு தினமும் வேலைக்கு போய்வந்த விழுப்புரம் மாவட்டத்து ஆட்களுக்கும் எல்லையை மூடியதால் சம்பளம் போச்சு.

லாரியில் வந்தது

இப்ப முக்கியமான கதைக்கு வருவோம். ஏப்ரல் 26-ல் இருந்து சென்னை, கோவை, மதுரையில் 4 நாள் முழு ஊரடங்கு என்று 24-ந் தேதி அறிவித்தார்கள். மறுநாள் 25-ந் தேதி கோயம்பேடு மார்க்கெட்டில் ஜனம் முண்டியடித்தது. மார்ச் 24-ல் பஸ் நிலையத்தில் நடந்தது, ஒரு மாதம் கழித்து பக்கத்திலேயே மார்க்கெட்டில் திரும்ப நடந்தது.

1996-ல் திறந்த அந்த மார்க்கெட்டில் 3 ஆயிரத்துக்கும் மேல் கடைகள். மூட்டை தூக்குபவர், காய் பிரிப்பவர் என்று அங்கே வேலை பார்த்தவர்களில் விழுப்புரம், கடலூர், அரியலூர், பெரம்பலூர் ஆட்கள் ஏராளம். பலருக்கு சென்னையில் தனி வீடு கிடையாது. கடையிலேயே படுக்கை, பக்கத்து மெஸ்சில் சாப்பாடு.

மார்க்கெட்டில் கொரோனா என்றதும் கடைகள் மூடத் தொடங்கின. மே 5-ந் தேதி மார்க்கெட்டே மூடப்பட்டது. வேலை இல்லை, படுக்க இடம் இல்லை, மெஸ் இல்லை. பஸ்சும் இல்லை, ரெயிலும் இல்லை. ஓடிக்கொண்டிருந்தது காய்கறி லாரி மட்டும்தான். சரக்கை இறக்கிவிட்டு காலியாக திரும்புகிற வண்டியில் ஏறி வந்தார்கள். நடு ராத்திரியில் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் இறங்கி கிராமத்துக்கு நடந்தார்கள்.

பெரும்பாலானவர்களுக்கு காய்ச்சல்கூட இல்லை. கொரோனாவின் குணமே அதுதான். உடம்புக்குள் போனதில் இருந்து அறிகுறி காட்ட சராசரியாக 5, 6 நாள் ஆகும், சிலருக்கு 14 நாள் ஆகும். சிலருக்கு கடைசி வரை ஒன்றுமே தெரியாது, ஆனால் மற்றவருக்கு தொற்றும்.

மே 4-ந் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 527 பேருக்கு உறுதியானது. கடலூரில் மட்டும் 122 பேர், விழுப்புரத்தில் கிட்டத்தட்ட 50. பெரும்பாலும் கோயம்பேட்டில் இருந்து வந்தவர்கள். அதிகாரிகள் கிராமம் கிராமமாக தேடி, வந்தவர்களை பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் தங்க வைத்தார்கள்.

அப்போது ஊர் நடந்துகொண்ட விதத்தை மறைக்க வேண்டியதில்லை. தெருவில் முள்ளை வெட்டி போட்டார்கள். அந்த வீட்டுக்கு தண்ணீர் பிடிக்க இடம் விடவில்லை. கோயம்பேட்டுக்காரன் என்று பெயர் வைத்தார்கள். போன மாதம் வரை அதே ஆள் அனுப்பிய காசில் ஊர் திருவிழாவுக்கு வரி கட்டியிருப்பான்!

இதனால் கெடுதல் ஊருக்குத்தான். பெயர் வெளியே வந்தால் குடும்பத்தை ஒதுக்குவார்கள் என்று பயந்தவர், கோயம்பேட்டில் இருந்து வந்ததையே மறைத்தார். மறைத்தவருக்கு டெஸ்ட் எடுக்க முடியாது. டெஸ்ட் எடுக்காதவர் தெரு முழுக்க பரப்பினார். சென்னையில் நரம்பியல் டாக்டர் சைமன் ஹெர்குலஸ் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஏப்ரல் 19-ந் தேதி ராத்திரி கும்பல் தாக்கியதை பார்த்தவர்களுக்கு அந்த பயம் வராதா? அதற்கு பிறகுதான் அடக்கத்தை தடுத்தால் 3 ஆண்டு வரை ஜெயில் என்று அவசர சட்டம் வந்தது.

டாஸ்மாக் டோக்கன்

கோயம்பேட்டு பரபரப்பு அடங்கும் முன்பே மே 7-ந் தேதி சென்னை தவிர மற்ற இடங்களில் டாஸ்மாக் திறந்தது. 50 வயசுக்கு மேல் காலையில், 40 வயசுக்கு கீழ் சாயங்காலம் என்று நேரம் பிரித்தும் கூட்டம் அடங்கவில்லை. முதல் நாளில் மட்டும் 170 கோடி ரூபாய்க்கு மேல் விற்பனை. மறுநாளே ஐகோர்ட்டு மூடச் சொன்னது. சுப்ரீம் கோர்ட்டு தடை கொடுக்க, மே 16-ல் மறுபடி திறந்தபோது கடைக்கு ஒரு நாளைக்கு 500 டோக்கன் என்று கொண்டுவந்தார்கள். முதல் நாள் அளவுக்கு முண்டியடிக்கவில்லை. ரேஷன் கடையில் பலித்த அதே வித்தைதான்.

ஜூன் மாதம் சென்னையில் மறுபடி கெடுபிடி என்றதும் மூட்டை முடிச்சோடு கிளம்பியவர்களை ஓங்கூரில் நிறுத்தி இ-பாஸ் கேட்டார்கள். இ-பாஸ் ஆகஸ்டு கடைசி வரை ஓடியது. செப்டம்பர் 7-ந் தேதி மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் விட்டார்கள். 28-ந் தேதி கோயம்பேடு காய்கறி மார்க்கெட் திறந்தது. மே மாதம் லாரியில் ஒளிந்து வந்தவர்கள், பையை தோளில் போட்டுக்கொண்டு திண்டிவனம் மேம்பாலத்துக்கு கீழே சென்னை பஸ்சுக்கு நின்றார்கள். ஊரில் வழியனுப்ப வந்தவர்கள் மறக்காமல் சொன்னது, "போய் சேர்ந்ததும் போன் பண்ணுப்பா."