புதியவரும் பழகியவரும்

மென்பொருளைக் கையாள்வோர் அனைவரும் ஒரு நிலையினர் அல்லர். விசைப்பலகையை இன்றுதான் முதன்முறையாகத் தொடுபவர் ஒருவர். நாள் முழுவதும் தட்டெழுதிப் பழகியவர் மற்றொருவர். முன்னவருக்கு வேண்டுவது துணிவு. பின்னவருக்கு வேண்டுவது விரைவு. மனிதன் இடும் கட்டளையைக் கணிப்பொறிக்கும், கணிப்பொறியின் விடையை மனிதனுக்கும் உணர்த்தும் திரையமைப்பு இடைமுகம் எனப்படும். ஒரே இடைமுகம் இவ்விருவருக்கும் பயன்படுமாறு அமைப்பது எளிதன்று.

அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த ஜான் கேரல் என்பவரும் அவருடன் பணியாற்றியவரும் 1984-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆவணம் தட்டெழுதும் மென்பொருளில், புதியவர் தவறிச் சென்று சிக்கிக்கொள்ளும் கட்டளைகளை மட்டும் அவர்கள் பூட்டிவைத்தனர். கட்டளையின் பெயர் பட்டியலில் இருக்கும். அதனைத் தேர்ந்தெடுத்தால், பயிற்சி நிலையில் அஃது இயங்காது என்னும் செய்தி தோன்றும். வேறு தீங்கு நேராது. மிதிவண்டி பழகும் சிறுவர்க்காகப் பின்சக்கரத்தின் இருபுறமும் பூட்டும் சிறு சக்கரங்களின் பெயரையே இம்முறைக்கும் இட்டனர். முழு மென்பொருளையும் ஒருங்கே பெற்றவரைக் காட்டிலும், இவ்வாறு பழகியவர் முதற்பணியை விரைவில் முடித்தனர். தவறுகளிலிருந்து மீள்வதற்குச் செலவிட்ட நேரமும் குறைந்தது.

ஆயினும், புதியவர் என்றும் புதியவராகவே இருப்பதில்லை. சிறு சக்கரங்களை எப்பொழுது கழற்றுவது? அதனைக் கணிப்பொறியே முடிவு செய்யட்டும் என்று கருதியவரும் உண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஆபீஸ் 2000 என்னும் மென்பொருள், ஒருவர் அடிக்கடி கையாளும் கட்டளைகளை மட்டும் முதலிற் காட்டியது, ஏனையவற்றை மறைத்துவைத்தது. நோக்கம் நல்லதே. ஆனால், நேற்று மூன்றாம் வரியில் இருந்த கட்டளை இன்று ஐந்தாம் வரிக்குச் சென்றுவிடும். அடுக்களையில் உப்புச்சாடியை நாள்தோறும் இடம் மாற்றிவைத்தால், சமைப்பவரின் கை அதனை எங்ஙனம் அறியும்? பழகியவரின் விரைவுக்குக் காரணம் கையின் நினைவே. 2007-இல் வந்த ஆபீஸ் பதிப்பில், வேர்டு முதலியவற்றிலிருந்து அப்பட்டியல்களே நீக்கப்பட்டன.

இதனினும் எளிய வழியொன்று முன்னரே இருந்தது. 1983-இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட லிசா என்னும் கணிப்பொறியில், பட்டியலிலுள்ள கட்டளையின் பெயருக்கு வலப்புறத்தில் அதற்குரிய விசையும் குறிக்கப்பட்டிருந்தது. வெட்டுவதற்கு எக்ஸ், படியெடுப்பதற்குச் சி, ஒட்டுவதற்கு வி. செய்ததை இல்லையாக்கிப் பழைய நிலைக்குத் திரும்புவதற்கு இசட். இந்த இசட் ஒன்றே புதியவரின் அச்சத்தைப் பெரிதும் போக்கவல்லது. அவர் பட்டியலைத் திறந்து, பெயரைப் படித்துத் தேர்ந்தெடுக்கிறார். படிக்குந்தோறும் அருகிலுள்ள எழுத்தும் கண்ணிற் படுகிறது. நாளடைவில் அவர் விரல் தானாகவே அவ்வெழுத்தை நாடுகிறது. பட்டியலோ இருந்த இடத்திலேயே இருக்கிறது.