லைன்ல நில்லுங்க சார்!

போன மாதம் கார்த்திகையன்று திருப்பரங்குன்றத்தில் தரிசன வரிசை. நானும் மச்சினனும். அவன் கெமிஸ்ட்ரி வாத்தியார். நான் பி.காம்.; பாலிமர் என்றால் எனக்குத் தெரிந்தது பிளாஸ்டிக் வாளிதான்.

கான்ஸ்டபிள் நின்றவரை எல்லோரும் சந்நிதியைப் பார்த்து நின்றார்கள். அவர் டீ குடிக்கப் போனார். போச்சு! ஆளாளுக்குத் திரும்பி, எதிரெதிரே நின்று ஊர்க்கதை.

"எங்க சப்ஜெக்ட்லயும் இதாங்க மச்சான் தலைவலி" என்றான் மச்சினன்.

விஷயம் இதுதான். ஃபைபர் கேபிளில் ஓடுவது ஒளி. கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததோ மின்சாரம். நடுவில் ஒரு கேட் கீப்பர் வேண்டும். அதுதான் மாடுலேட்டர். சில பொருள்களில் வோல்டேஜ் கொடுத்தால், ஒளி போகிற வேகம் துளி மாறும். படிகங்களில் இதை 1893-லேயே ஆராய்ந்தவர் ஜெர்மானியர் போக்கல்ஸ். ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை மட்டும் தாமதப்படுத்தி, மறுபடி சேர்த்தால் வெளிச்சம் அல்லது இருட்டு. ஒன்று, பூஜ்யம். வெகுகாலமாக இந்த வேலையைப் பார்ப்பது லித்தியம் நியோபேட் என்ற படிகம்.

பிளாஸ்டிக்கில் செய்தால் இன்னும் வேகம். சிப் மேலேயே பூசிவிடலாம். பிளாஸ்டிக்கில் ஒருவகைச் சாய மூலக்கூறுகளைக் கலக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தலை உண்டு, வால் உண்டு. எல்லாம் ஒரே பக்கம் பார்த்தால்தான் பலன். பாதி இப்படி, பாதி அப்படி என்றால் டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆகி, பாலன்ஸ் நில். (இது எனக்குப் புரிந்தது!)

அதனால் பிளாஸ்டிக்கை இளகும்வரை சூடாக்கி, மைக்ரானுக்குச் சுமார் 100 வோல்ட் கொடுத்துத் திருப்புகிறார்கள். அப்படியே ஆறவிட்டு வோல்டேஜை எடுத்தால்... கான்ஸ்டபிள் டீக்குப் போன கதை. சூடு ஏற ஏறச் சீக்கிரம் கலையும். இந்தச் சாதனங்களை 85 டிகிரியில் வைத்துச் சோதிப்பது வழக்கம். நம்ம ஊர் சித்திரை வெயிலெல்லாம் அதற்கு முன்னால் ஊட்டி.

இங்கேதான் நம்ம நாட்டுக்காரர் ஒருவர் வருகிறார். சுகாந்த் திரிபாதி. ஐ.ஐ.டி. கரக்பூரில் படித்து, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் லோவல் வளாகத்தில் பேராசிரியராக இருந்தவர். 2000-ல் காலமானார். 1991-ல் அவருடைய குழு ஒரு யுக்தி செய்தது. புற ஊதா ஒளி பட்டால் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பிளாஸ்டிக். அதே மாதிரி கொக்கி வைத்த சாயம். வோல்டேஜ் இருக்கும்போதே ஒளியைக் காட்டிப் பூட்டிவிட்டார்கள். வரிசை முன்னைப்போலச் சட்டென்று கலையவில்லை.

இன்னொரு வம்பு பாக்கி. சாயம் பலசாலியாக இருந்தால், பக்கத்து ஆளை இழுத்துத் தலைகீழாக ஜோடி சேர்ந்துகொள்ளும். அமெரிக்க விஞ்ஞானி லாரி டால்டன் குழு மூலக்கூறுக்குப் பக்கவாட்டில் தொப்பை வைத்தது. நெருங்கவே முடியாது! 2000-ல் ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகக் கொடுத்து ஒளியை அணைத்துக் காட்டினார்கள்.

"அப்ப இங்க என்ன மாப்ளே வழி?" என்றேன்.

"பைப் கட்டியிருக்காங்கள்ல? ஆனா எல்லாரும் நேரா நின்னப்புறம் கட்டணும் மச்சான். முன்னாடியே பூட்டுனா கோணலாவே நின்னுரும்."

பேச்சு சுவாரஸ்யத்தில் நான் அவன் பக்கம் திரும்பியே நின்றிருக்கிறேன். அதற்குள் எங்களுக்கு முன்னால் நாலு பேர் நுழைந்திருந்தார்கள்.